மூடியின் நான்காவது மூலை

எடிசன் நகரத்தின் பக்கத்துக் கல்லூரிகளில் புதிதாக ஆங்கில வகுப்பு எடுக்க வந்திருக்கும் உங்களில் மூன்று பேர் போன மாதம் என் வீட்டுக்கு வந்து, "சார், உங்க எக்ஸ்பீரியன்ஸ ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டீர்கள். காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். அனுபவம் என்று எழுத உட்கார்ந்தால் எல்லோரும் தாங்கள் ஜெயித்த கதையைத்தான் எழுதுகிறார்கள். அந்தச் சரக்கு என்னிடம் குறைவு. ஆனால் ஒரு தவறு இருக்கிறது. நல்ல தரமான தவறு, நிறையப் படித்தவன் மட்டுமே செய்யக்கூடியது. அதை எழுதித் தருகிறேன்.

பாளையங்கோட்டையில் மூன்று வருடம் டியூட்டராக இருந்துவிட்டு இங்கே வந்தவன் நான். நியூ ஜெர்சியில் ஓர் இரண்டு வருடக் கல்லூரியில் இருபத்தாறு வருடம் பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்கக் கதைகளைச் சொல்லிக்கொடுத்தேன். அந்தப் பாடத்தை யாரும் விரும்பிக் கேட்பதில்லை என்பதால்தான் அது என்னிடம் வந்தது. என் மாணவர்களில் பாதிப் பேர் வேலை முடித்துவிட்டு வருகிறவர்கள், மீதிப் பேர் வகுப்பு முடிந்து வேலைக்குப் போகிறவர்கள்.

உங்கள் நண்பர்கள் சிலர் கணக்கும் கம்ப்யூட்டரும் நடத்துகிறவர்கள் என்று கேள்விப்பட்டேன். அவர்களுக்காக நான்கு வரி. இந்த நாட்டில் உள்நாட்டுப் போர் முடிந்து, ரயிலும் ஆலையும் பெருநகரமும் வந்த காலத்தில், எழுதுகிறவர்களுக்கு உத்தம புருஷர்களும் மாளிகைகளும் அலுத்துப்போயின. கடைக்காரன், வாடகை வீடு, சாப்பாட்டு மேசையில் நடக்கும் சண்டை என்று கண்ணெதிரே இருந்ததை எழுத ஆரம்பித்தார்கள். இது ரியலிசம். இந்தக் கதைகளில் மனிதன் கடைசியில் ஏதாவது ஒன்றை முடிவு செய்வான், பொய் சொல்வதா உண்மை சொல்வதா என்றாவது. இவர்களுக்குப் பின்னால் வந்த இளவட்டம் அதையும் கேலி செய்தது. முடிவாவது மண்ணாவது, பசியும் குளிரும் ஆலையும் பிறந்த குடும்பமும் தள்ளிக்கொண்டு போகிற வழியில்தான் மனிதன் போகிறான் என்றார்கள். இது நேச்சுரலிசம். இதை எழுதுகிறவன் டாக்டர் மாதிரி ஒதுங்கி நின்று பார்ப்பான், பரிதாபப்பட மாட்டான், தீர்ப்புச் சொல்ல மாட்டான். கிடங்கில் பெட்டி தூக்கும் மாணவன் ஒருவன், இதைக் கண்டுபிடிக்க ஓர் எழுத்தாளர் எதற்கு என்று என்னிடம் கேட்டான். 

ஒவ்வொரு பருவமும் ஒரே பயிற்சியைக் கொடுப்பேன். வேலை நடக்கும் ஓர் இடத்துக்குப் போய் ஒரு மணி நேரம் நின்று பார்த்து நான்கு பக்கம் எழுத வேண்டும். அபிப்பிராயம் கூடாது, இரக்கம் கூடாது, 'நான்' என்ற சொல்லே வரக்கூடாது. பெரும்பாலும் காபிக் கடையும் ரயில் நிலையமும்தான் வரும். கொட்டாவி விட்டுக்கொண்டே திருத்துவேன்.

ஓய்வுபெற நான்கு வருடம் இருந்தபோது கோமதி என் வகுப்பில் சேர்ந்தாள். பெயரையும் ஊரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். முப்பது வயது தாண்டியவள், சங்கரன்கோவில் பக்கம், ஊரில் எம்.ஏ. ஆங்கிலம் முடித்தவள். கணவனுக்கு இங்கே சாஃப்ட்வேர் வேலை. அவன் விசாவை ஒட்டி வந்த எச்-4 விசா இவளுக்கு. அப்போதைய சட்டப்படி அதை வைத்துக்கொண்டு இங்கே குடியிருக்கலாம், கார் ஓட்டலாம், படிக்கலாம், வேலை மட்டும் பார்க்கக் கூடாது. கிரீன் கார்டு விண்ணப்பம் பல வருடமாக வரிசையில் நின்றுகொண்டிருந்தது. அது வரும்போது பள்ளி ஆசிரியையாகத் தயாராக இருக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அதற்குப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியர் பயிற்சியில் சேர வேண்டும், அதற்கு என் பாடத்தில் நல்ல மதிப்பெண்ணும் என் சிபாரிசுக் கடிதமும் வேண்டும். முதல் நாளே இதையெல்லாம் ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட்டாள்.

"நீங்க பாளையங்கோட்டைன்னு கேள்விப்பட்டேன் சார். நம்ம ஊருப் பக்கந்தான்" என்றாள்.

எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. காட்டிக்கொள்ளவில்லை. ஊர்ப்பாசம் காட்டினால் மதிப்பெண்ணில் கைவைக்கச் சொல்வார்கள் என்று எனக்கு ஒரு பயம் எப்போதும் உண்டு. "கிளாஸ்ல பார்க்கலாம்" என்று முடித்துக்கொண்டேன்.

முதல் இரண்டு கட்டுரைகளும் நான் எதிர்பார்த்தபடியே இருந்தன. 'இதன்மூலம் ஆசிரியர் வாழ்வின் உண்மைகளை அழகுற எடுத்துக்காட்டுகிறார்' என்கிற ரகம். அந்த வாக்கியத்தை எனக்கு நன்றாகத் தெரியும். பாளையங்கோட்டையில் அறுபது பிள்ளைகளுக்கு நானே நோட்ஸாகச் சொல்லி எழுதவைத்தது அது. பி மைனஸ் போட்டேன்.

மூன்றாவதாக அந்தப் பயிற்சிக் கட்டுரை வந்தது. ஒரு வீட்டின் பேஸ்மென்ட். ஏழு பெண்கள் நின்றபடி டிபன் டப்பாக்களை நிரப்புகிறார்கள். சிமென்ட் தரை ஜில்லென்று இருப்பதால் அட்டைப் பெட்டிகளைப் பிரித்துக் காலடியில் போட்டிருக்கிறார்கள். அட்டை நைந்துபோவதை வைத்து, யார் எங்கே நிற்பவர், யார் அதிகம் நகர்கிறவர் என்று சொல்லிவிடலாம். கடிகாரம் அவர்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, ஆனால் யாரும் திரும்புவதில்லை. அண்டாவில் சாம்பார் எவ்வளவு இறங்கியிருக்கிறது என்பதே மணி. ஒரு சொட்டு இரக்கம் இல்லை. 'நான்' இல்லை. நான்கு பக்கமும் படித்து முடித்து, எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

இருபத்தாறு வருடத்தில் அந்தப் பயிற்சிக்கு வந்த கட்டுரைகளில் அதுதான் ஆகச் சிறந்தது. அதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இது காப்பி.

அமெரிக்கப் பேராசிரியர் யாராவது படித்திருந்தால் சந்தோஷமாக ஏ போட்டுவிட்டுப் போயிருப்பார். எனக்கு மட்டும் எல்லாம் தெரியும் அல்லவா? ஊர்ப் படிப்பு எப்படிப்பட்டது, நோட்ஸ் எப்படி மனப்பாடமாகும், எம்.ஏ. எப்படி வாங்கப்படும் என்று எனக்குத் தெரியும். அந்த வழியில் வந்தவள் இப்படி எழுத முடியாது என்று நினைத்தேன். அதே வழியில் வந்தவன்தான் நானும் என்பது அப்போது நினைவுக்கு வரவில்லை. ஊர்க்காரி என்பதாலேயே சந்தேகப்பட்டேன்.

பழைய ஆலைக் கதை எதையோ எடுத்து, நூலுக்குப் பதில் சாம்பாரை மாற்றிப் போட்டிருக்கிறாள் என்று என் கணிப்பு. இரண்டு வாரம் நூலகத்தில் தேடினேன். யாரும் தொடாத கதைத் தொகுப்புகளையெல்லாம் புரட்டினேன். ஒன்றும் அகப்படவில்லை. கிடைக்காததை, நன்றாக ஒளித்திருக்கிறாள் என்பதற்கு ஆதாரமாக எடுத்துக்கொண்டேன்.

எங்கள் துறைத்தலைவி ஒரு வெள்ளைக்கார அம்மாள். தினமும் மதியம் மேசையில் உட்கார்ந்து ஓர் ஆப்பிளை மட்டும் தின்பார், விதை வரைக்கும். அவரிடம் போய்ச் சொன்னேன்.

"எங்கிருந்து எடுத்தாள் என்று கண்டுபிடித்தாயா?"

"இல்லை."

"பிறகு உன்னிடம் என்னதான் இருக்கிறது?"

"இந்த மாதிரி மாணவர்களை எனக்குத் தெரியும்."

அவர் ஆப்பிளைக் கீழே வைத்தார். "இந்த வாக்கியத்தை இந்த அறைக்கு வெளியே சொல்லிவிடாதே" என்றார். ஒழுங்குக் குழுவுக்கு அனுப்புவதானால் வெள்ளிக்கிழமைக்குள் படிவம் வர வேண்டும் என்பதையும் சொன்னார். நான் இரண்டாவதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டேன்.

அன்று திங்கட்கிழமை. அறைக்கு வந்ததும் கோமதிக்குக் கல்லூரி மின்னஞ்சலில் எழுதினேன். அந்த இடம் எது, அதன் பொறுப்பாளர் யார், உறுதிப்படுத்திக்கொள்ள அவருடைய தொலைபேசி எண் என்ன? ஒரு மணி நேரம் நின்று பார்த்தவருக்குத் தெரிய வாய்ப்பில்லாத விவரங்கள் கட்டுரையில் இருக்கின்றன, அவை எப்படித் தெரிந்தன? வெள்ளிக்குள் எழுத்தில் பதில் வராவிட்டால் குழுவுக்கு அனுப்பப்படும். எழுதி முடித்து இரண்டு தடவை வாசித்துப் பார்த்தேன். கேள்விகளில் ஓட்டை எதுவும் இல்லை என்று எனக்கு ஒரே பெருமை.

செவ்வாய்க்கிழமை அவள் வகுப்புக்கு வரவில்லை. பதிலும் இல்லை. நான் நினைத்தது சரிதான் என்று ஆயிற்று. புதன்கிழமை படிவத்தை நிரப்பி வைத்துவிட்டேன்.

வியாழன் மதியம் பன்னிரண்டு மணிக்கு அறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன். என் மனைவியும் வேலைக்குப் போகிறவள், அதனால் ஐந்து வருடமாக எங்கள் இருவருக்கும் மதியச் சாப்பாடு, சனிக்கிழமையும் சேர்த்து, டிபன் சர்வீஸில்தான். சப்பாத்தி, கூட்டு, சாதம், சதுர டப்பாவில் சாம்பார். எங்கே சமைக்கிறார்கள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. சாம்பார் டப்பாவை எடுத்தபோது வழக்கம்போல ஒரு மூலையில் மூடி சரியாக அழுந்தாமல் இருந்து, இடது கைச் சட்டை நுனியில் ஒரு சொட்டு சிந்தியது. வாரத்துக்கு இரண்டு நாளாவது இப்படி ஆகும். "ஒரு மூடியை ஒழுங்கா மூடத் தெரியல" என்று திட்டிக்கொண்டே வாஷ்ரூமுக்குப் போய் சோப்புப் போட்டுத் தேய்த்தேன்.

தேய்க்கும்போதுதான் கட்டுரையின் மூன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது. கொதிக்கும் சாம்பாரை ஊற்றியதும் மூடியின் மூன்று மூலைகளை அழுத்துகிறார்கள். ஆவி போவதற்காக நான்காவதைத் திறந்து விடுகிறார்கள். அப்படியே வரிசையின் கடைசி டப்பா வரை போய்விட்டு, திரும்ப முதல் டப்பாவுக்கு வந்து, நான்காவது மூலைகளைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு போக வேண்டும். வேன் சீக்கிரம் வந்துவிடும் நாட்களில் கடைசி வரிசைக்கு அந்த இரண்டாவது சுற்று கிடைப்பதில்லை.

குழாயை மூடினேன். பருவம் தொடங்கியதிலிருந்து அவளுடைய இரண்டு கட்டைவிரல்களிலும் பிளாஸ்திரி ஒட்டியிருந்ததும் அப்போது ஞாபகம் வந்தது. பார்த்திருக்கிறேன். ஒதுங்கி நின்று பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவன் அல்லவா, நன்றாகவே பார்த்திருக்கிறேன்.

உலகத்தில் எத்தனையோ டிபன் சர்வீஸ், எல்லோரும் இப்படித்தான் மூடுவார்களாக்கும் என்று எனக்குள் வாதாடிப் பார்த்தேன். வாதம் நிற்கவில்லை. அவள் ஒரு மணி நேரம் நின்று பார்த்துவிட்டு வந்தவள் இல்லை. அந்த அட்டைமேல் நிற்கிறவர்களில் ஒருத்தி.

நான் எழுதிய மின்னஞ்சல் என்ன என்று அப்புறம்தான் எனக்கு விளங்கியது. அதற்கு அவள் உண்மையான பதில் எழுதினால், அனுமதி இல்லாமல் வேலை பார்த்தேன் என்று அவளே எழுதிய வாக்குமூலம் கல்லூரிக் கணினியில் என்றென்றைக்கும் இருக்கும். அவள் விசா போகும், கணவனின் கிரீன் கார்டுக்கும் ஆபத்து வரலாம். பதில் எழுதாவிட்டால் காப்பியடித்தவள் என்று பதிவாகும், ஆசிரியர் பயிற்சி அத்தோடு முடிந்தது. ஓட்டையில்லாத கேள்வி கேட்டேன் என்று பெருமைப்பட்டேனே, அவள் வெளியே வர அதில் ஓட்டையே இல்லை. எனக்கு அவமானமாக இருந்தது. அறைக்குத் திரும்பி மிச்சச் சாப்பாட்டைச் சாப்பிட்டேன். பசித்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

போனில் கூப்பிட்டு என்ன சொல்வது? எனக்குத் தெரியும் என்று சொன்னால், அவள் ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லியாக வேண்டும். அதுவும் இன்னொரு விசாரணைதான். அதையே யோசித்துக்கொண்டிருந்தபோது, பன்னிரண்டே முக்காலுக்கு அவளே கதவைத் தட்டிவிட்டு உள்ளே வந்தாள். கையில் ஒரு ஃபைல்.

"செவ்வாக்கெழம வரல சார், மன்னிச்சிருங்க. இந்த லெட்டர் டைப் பண்ணிக் கொண்டாந்துருக்கேன். வீட்டுக்காரர்ட்ட கூடச் சொல்லல."

"என்ன லெட்டர்?"

"நான் காப்பி அடிச்சேன்னு எழுதிருக்கேன் சார். பழைய புக்லருந்து எடுத்தேன்னு. சைனும் போட்டுட்டேன். எஃப் போட்டுருங்க. வேற ஒண்ணும் கேக்காதீங்க."

தன் கட்டுரையைத் தானே திருடியதாக எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருக்கிறாள். எதைத் தொலைப்பது, எதைக் காப்பாற்றுவது என்று மூன்று நாள் தனியாக யோசித்து அவள் எடுத்த முடிவு அது. மனிதன் முடிவெடுப்பதில்லை என்று அந்த வாரம்தான் வகுப்பில் பாடம் நடத்தியிருந்தேன். என் வாயில் வந்து நின்ற கேள்வியைக் கேளுங்கள். "எந்த புக்?" என்பது அது. இரண்டு வாரம் தேடிய ஆத்திரம். நல்லவேளையாக விழுங்கிவிட்டேன்.

"அந்த லெட்டர நான் படிக்கல. பைக்குள்ள வைங்க" என்றேன்.

"வெள்ளிக்கெழமக்குள்ளன்னு போட்டிருந்தீங்களே சார்."

"நான் கேட்டது தப்பான கேள்வி. அதுக்கு பதில் இப்பவும் வேண்டாம், எப்பவும் வேண்டாம். அது உங்க எழுத்தான்னு மட்டும்தான் எனக்குத் தெரியணும். நீங்க எங்க போனீங்க, யாரப் பார்த்தீங்கன்னு தெரிய வேண்டாம்."

அவள் என்னை நம்பவில்லை. "அது எப்படி சார் தெரியும்?"

"இங்கயே உக்காந்து எழுதுங்க. வேற ஒண்ண."

முதல் நாளே செய்திருக்க வேண்டியது இது. கல்லூரியில் நேற்றுச் சேர்ந்தவனுக்குக்கூடத் தோன்றியிருக்கும். ஒன்றரை மணிக்கு இருந்த வகுப்பைத் தாமதமாகத் தொடங்குவதாகக் கதவில் எழுதி ஒட்டிவிட்டு, அவளைத் துறைத்தலைவியின் அறைக்குக் கூட்டிப்போனேன். இன்னொருவரும் சாட்சியாக இருக்கட்டும் என்று. ஒரு தாளும் பேனாவும் கொடுத்து, இந்த அறையை எழுதுங்கள், ஐம்பது நிமிடம் என்றேன். துறைத்தலைவி எதுவும் கேட்காமல் நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

கோமதி எழுதவில்லை. ஐந்து நிமிடம் ஆயிற்று, பத்து நிமிடம் ஆயிற்று, பேனாவைத் தொடவே இல்லை. கட்டைவிரல் பிளாஸ்திரியை நிரடிக்கொண்டு அறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.  பயத்தில் அவள் கை ஓடாமல், பழையபடி நோட்ஸ் பாணியில் எதையாவது எழுதிவைத்தால், சாட்சியையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு அவள் கழுத்தை நானே அறுத்ததாகிவிடும். பேச்சுக் கொடுக்கலாமா, தைரியம் சொல்லலாமா என்று வாய் துடித்தது.  பதினைந்தாவது நிமிடத்தில் எழுத ஆரம்பித்தாள். அப்புறம் நிறுத்தவில்லை.

இரண்டு பக்கம். துறைத்தலைவி முதலில் படித்தார். படித்துவிட்டு என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தாளை என் பக்கம் நகர்த்தினார்.

அறையைப் பற்றி நான்கு வரிதான் இருந்தது. மிச்சமெல்லாம் என்னைப் பற்றி. ஏறக்குறைய அறுபது வயதுள்ள ஒருவர் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறார். கைப்பிடி உள்ள நாற்காலியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். சட்டைப் பையில் இரண்டு பேனா, இரண்டும் மூடியபடி இருக்கின்றன. இடது கைச் சட்டை நுனியில் துவரம்பருப்பு அளவில் ஒரு மஞ்சள் கறை. அதை சோப்புப் போட்டுக் கழுவியிருக்கிறார், அதனால் ஓரம் சிவந்திருக்கிறது. அந்தக் கையை மேசைக்கு அடியில் வைத்துக்கொள்கிறார். நாற்பது நிமிடமாக அவர் எதையும் கேட்கவில்லை. அது அவருக்குக் கடினமான வேலையாக இருக்கிறது.

நான் என் கையைப் பார்த்தேன். அது மேசைக்கு அடியில்தான் இருந்தது.

"இரண்டுக்கும் ஏ" என்றார் துறைத்தலைவி. கோமதி போன பிறகு, "என்ன கண்டுபிடித்தாய்?" என்று என்னைக் கேட்டார்.

"எதுவும் இல்லை. தவறு என்னுடையது."

"நல்லது. அதையே எழுதி அவளுக்கு அனுப்பு, எனக்கும் ஒரு நகல்." அவர் எவ்வளவு ஊகித்தார் என்று எனக்குத் தெரியாது. அதற்குமேல் அவரும் கேட்கவில்லை. 'என் முந்தைய கேள்விகள் தேவையற்றவை, அவற்றுக்குப் பதில் எதிர்பார்க்கப்படவில்லை, கட்டுரை உங்களுடையது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை' என்று அனுப்பினேன். படிவத்தைக் கிழித்துப் போட்டேன்.

இப்போது உங்களிடம் மென்பொருள் இருக்கிறது. கட்டுரையைப் போட்டால் இவ்வளவு சதவீதம் சந்தேகம் என்று சொல்லிவிடுகிறதாம். எனக்கு அந்த வசதி இல்லை, என் மண்டைக்குள் இருந்த சதவீதத்தையே நம்பினேன். எதை நம்பினாலும் சரி, ஒரு மாணவிக்கு எழுத்தில் கேள்வி அனுப்புவதற்கு முன்னால், இதற்கு உண்மையைச் சொன்னால் அவளுக்கு என்ன ஆகும் என்று ஒரு நிமிடம் யோசியுங்கள். சட்டத்தை மீறச் சொல்லவில்லை. உங்களுக்குத் தேவையில்லாததைக் கேட்காதீர்கள் என்கிறேன். நம் ஊர்ப் பிள்ளை என்றால் இரண்டு நிமிடம் யோசியுங்கள். அவர்களைத்தான் நமக்கு முன்கூட்டியே தெரிந்துவிடுகிறது.

பாடத்தைப் பற்றியும் ஒன்று. அந்தக் கதைகளை எழுதியவர்கள் தாங்கள் வெளியே நின்று பார்ப்பதாக நம்பினார்கள். நானும் அதை நம்பித்தான் அத்தனை வருடம் சொல்லிக்கொடுத்தேன். அவள் மூடிய டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு, அவள் முதல் கட்டுரைகளுக்கு பி மைனஸ் போட்டவன் எங்கே வெளியே நின்றான்? மறுபருவத்திலிருந்து பயிற்சியில் ஒரே ஒரு விதியை மாற்றினேன். 'நான்' வரலாம் என்று சொல்லிவிட்டேன்.

கோமதிக்குச் சிபாரிசுக் கடிதம் கொடுத்தேன். இருக்கும் திறமையை அப்படியே எழுதினேன், ஒரு சொல் கூட்டவில்லை. பயிற்சியில் இடம் கிடைத்துவிட்டது என்று வந்து சொன்னாள். "தேங்க்ஸ் சார்" என்றாள். அந்தக் கட்டுரையைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. கட்டைவிரலைப் பார்க்கக் கூடாது என்று இருந்தேன், பார்த்துவிட்டேன். பிளாஸ்திரி இருந்தது.

டிபனை நாங்கள் நிறுத்தவில்லை. சாம்பார் பழையபடி வாரத்துக்கு இரண்டு நாள் சிந்தியது. என் மனைவி திட்டுவாள், நான் திட்டுவதை விட்டுவிட்டேன். கோமதிக்குப் பயிற்சி வகுப்பு தொடங்க இருந்த ஆகஸ்டில் ஒரு சனிக்கிழமை வந்த டப்பாவைத் திறக்கவே முடியவில்லை. நான்கு மூலையும் அழுந்த மூடியிருந்தது. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே.

"ஆள மாத்திட்டாங்க போலருக்கு" என்றாள் என் மனைவி.

"இருக்கும்" என்றேன்.